பனியன் குட்டையான கதை

முதலாளி, நீங்கள் அச்சில் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வாரம் இதே பத்திரிகையில் உங்கள் பேட்டி வந்தது. திருப்பூர் பனியன் தொழிலில் பழுத்த பெரியவர், நாணயத்துக்குப் பேர் போனவர் என்று எழுதி, சால்வை போர்த்திய படமும் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பத்தி. உங்கள் கம்பெனியில் இருந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் பனியனைக் குட்டையாக வெட்டி மிச்சத் துணியைத் திருடினார் என்றும், சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தார் என்றும், தெய்வம் அவருடைய கையை எடுத்துக்கொண்டது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

பேர் சொல்லவில்லையாம். அது உங்கள் பெருந்தன்மையாம். ஊருக்கே தெரிந்த பேரைச் சொல்லாமல் விடுவதில் என்ன பெருந்தன்மை? நான் சொல்கிறேன். அவர் பேர் ஆறுமுகம். அவர் ஒரு முழம் துணி எடுத்ததில்லை.

இந்தத் தொடரில் இந்த வாரம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த கதையை எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆசிரியர் இதை வெட்டாமல் போடட்டும். போடாவிட்டால் தொடரை வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளட்டும்.

காற்றில் சூடம்

அந்தச் சத்தியம் நடந்த அன்றைக்கு ஆடிக் காற்று. எங்கள் ஊருக்கு அது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும். கம்பெனி முற்றத்தில் பிளீச்சிங் பவுடரில் வெளுத்து வெள்ளை போட்ட துணி கொடிகளில் காய்ந்தது. பனியன் துணி குழாய் மாதிரி இருக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காற்று உள்ளே புகுந்தால் மலைப்பாம்பு மாதிரி உப்பி எழும். அன்றைக்கு முற்றம் முழுக்க வெள்ளைப் பாம்புகள் ஆடின.

வேப்ப மரத்தடிப் பிள்ளையார் போதும் என்று முதலாளி சொன்னார். மாஸ்டர் ஒப்பவில்லை. "என்ற சாமி முருகனுங்க. அவன் முன்னாடிதான் பண்ணுவனுங்க" என்றார். ஆபீசில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மரத்தில் சாத்தினார்கள். தட்டில் சூடத்தை வைத்தால் காற்றில் பற்றவில்லை. தீக்குச்சி தீக்குச்சியாக வீணானது. கடைசியில் முதலாளியே தன் தோள் துண்டை விரித்துக் காற்றை மறைத்தார். அந்தத் துண்டு மறைப்பில்தான் சூடம் எரிந்தது.

மாஸ்டர் சட்டையைக் கழற்றினார். உள்ளே எங்கள் கம்பெனிப் பனியன். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டபோது பனியன் தொப்புளுக்கு மேலே ஏறியது. அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

"முருகன் மேல ஆணையா, கம்பெனித் துணி ஒரு முழம் என்ற ஊட்டுக்குப் போனதில்லீங்க. என்ற கை தொட்டதெல்லாம் கம்பெனிக்குத்தானுங்க."

வலது உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்தார். சூட வாசனையோடு கொஞ்சம் தோல் கருகின வாசனையும் வந்தது.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பண்ணீட்டான். இனி முருகன் பாத்துக்குவான்" என்றார். மாஸ்டர் கணக்கை முடித்து அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். சத்தியம் செய்தவனை நம்புவதற்குத்தானே சத்தியம் வாங்குவது? எங்கள் கம்பெனியில் சத்தியத்தையும் வாங்கிக்கொண்டு ஆளையும் துரத்தினார்கள்.

என் காலை நேரம்

நான் அப்போது அந்தக் கம்பெனியில் பிட்டர். நூலை விட்டுத் துணி பின்னுகிற வட்ட மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். இப்போது ஓய்வு. ஓய்வு என்று சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. காலையில் முதலில் முழங்கால் எழுந்திருக்க வேண்டும், அப்புறம்தான் நான். காதில் மிஷின் இரைச்சல் இன்னும் ஓடுகிறது. கரண்ட் கட் வந்தால் ஊர் மிஷினெல்லாம் நிற்கிறது. என் காதில் இருப்பது நிற்பதில்லை.

ரயில்வே கேட் வரைக்கும் நடப்பேன். கேட் மூடியிருந்தால் நல்லது, நிற்க ஒரு காரணம். ஈரோட்டுப் பக்கமிருந்து வருகிற பாசஞ்சரில் ஊத்துக்குளி வெண்ணெய்க்காரம்மாக்கள் கூடையோடு இறங்குவார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போவேன். அங்கே பத்திரிகை ஓசியில் படிக்கலாம். நான் எழுதுகிற பத்திரிகையையே நான் ஓசியில்தான் படிக்கிறேன்.

போன வாரம் டீக்கடைக்காரர் பத்திரிகையை நீட்டும்போதே சிரித்தார்.

"பிட்டரய்யா, உங்க பழைய முதலாளி போட்டோ வந்திருக்குதுங்க. சால்வையெல்லாம் போட்டு மாப்பிள்ளையாட்டம் இருக்கறாரு."

"டீயைப் போடுங்க."

"கை போன மாஸ்டர் கதையும் வந்திருக்குதுங்க. வீரபாண்டில இருக்கறாரே, அவருதானுங்களே அது?"

நான் டீ குடிக்காமல் எழுந்து வந்தேன். பேர் போடாத பெருந்தன்மை டீக்கடை பெஞ்சு வரைக்கும்கூட வரவில்லை.

ராஜாவின் மூக்கு

இந்தக் கதை புரிய வேண்டுமானால் அளவு மாறின காலத்தைச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இங்கிலீஷ்காரர்களின் கெஜம் எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு. அவர்கள் ராஜா ஒருவர் கையை நீட்டினாராம். மூக்கு நுனியிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் உள்ள தூரம் ஒரு கெஜம் என்று வைத்தார்களாம். நிஜமோ பொய்யோ தெரியாது. எங்கள் ஊர்ப் பூக்காரி முழம் போடுவதைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. கை நீண்ட பூக்காரியிடம் பூ வாங்கு என்று என் மனைவி சொல்வாள்.

பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவின் தலையையே வெட்டினவர்கள். மூக்கை மட்டும் விடுவார்களா? பூமியையே அளந்தார்கள். வட துருவத்திலிருந்து பூமியின் நடுக்கோடு வரைக்கும் உள்ள தூரத்தைக் கோடிக் கூறாக்கி, ஒரு கூறை மீட்டர் என்றார்கள். யாருடைய கை நீளத்தையும் நம்பாத அளவு. நல்ல எண்ணம்தான்.

நம் நாட்டுக்கு அது வந்தபோது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மாறின. முதலில் அணா போய் நயா பைசா. அப்புறம் சேரும் ராத்தலும் போய்க் கிலோ. மைல் போய்க் கிலோமீட்டர். அங்குலம் போய் சென்டிமீட்டர். காலணாவுக்கு வாங்கினதை நயா பைசாவில் வாங்கப் போனால் கணக்கு முழுசாக வராது. உடைந்து நிற்கிற மிச்சம் எப்போதும் கடைக்காரர் பக்கமே விழும். வாங்குகிறவன் பக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை.

வெண்ணெய்க்காரம்மாவிடம் மட்டும் எதுவும் மாறவில்லை. "கிலோன்னா எத்தனை சேருங்க சாமி?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்காமல் வழக்கமான உருண்டையை உருட்டி இலையில் வைப்பார்.

ஆறுமுகம் மாஸ்டரின் மாமியார் வீடு கணியூரில். மைல் கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்ட வருஷம் அவர் என்னிடம் நிஜமாகவே முறையிட்டார்.

"பிட்டரே, கணியூரு தூரமாப் போயிருச்சுங்க."

"நடந்து பாத்தீங்களா?"

"பஸ்ஸுலதானுங்க போனேன். ஆனாக் கல்லு எச்சா வருதுங்களே. ஊட்டுக்காரி அழுகறா, எங்க அம்மா ஊட்டைத் தள்ளி வெச்சுட்டாங்கன்னு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கத்திரி எடுத்தால் சிரிக்காத மனிதர். மேஜையில் துணியை அடுக்கி, மேலே அளவுத் தகரத்தை வைத்துப் பென்சில் கோடு போட்டு, ஆட்டுக்கிடாய் கொம்பு மாதிரி இருக்கும் பெரிய கத்திரியை விட்டாரென்றால் பக்கத்தில் இருமக்கூட மாட்டோம்.

தொப்பை

பனியன் என்ற பேரே வியாபாரியிடமிருந்து வந்தது என்கிறார்கள். வடக்கே பனியா என்று ஒரு வியாபார சாதி. அவர்கள் போட்ட தொளதொள சட்டையைப் பார்த்த வெள்ளைக்காரன் சட்டைக்கே அந்தப் பேரை வைத்துவிட்டானாம். செய்கிறவன் பேர் எங்கும் நிற்பதில்லை. விற்கிறவன் பேர் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு பனியனில் மார்பளவு மிஷினில் பிறப்பது. குழாய்த் துணி என்பதால் பக்கத்தில் தையல் இல்லை. மிஷினின் வட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் அகலம். நீளம் மட்டும் கட்டிங் மேஜையில் தீர்மானமாகும். அதைத் தீர்மானிப்பது மாஸ்டர்கூட இல்லை, தகரம். பனியன் வடிவத்தில் வெட்டின தகரத் தகடு. தகரம் காட்டின இடத்தில் கத்திரி போகும்.

அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்தபோது முப்பத்துநாலு என்ற சைஸ் எண்பத்தைந்தானது. முதலாளி எல்லோரையும் கூட்டிச் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க. பேருதான் மாறுது. முப்பத்துநாலுதான் எண்பத்தஞ்சு. மிஷினும் அதே, துணியும் அதே." அது மார்பளவுக்குச் சரி. என் மிஷினில் ஓர் ஊசியைக்கூட நான் மாற்றவில்லை.

பழைய தகரங்களைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அங்குல டேப்புகளைச் சட்டப்படி வைத்திருக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் வருவார் என்று பிடுங்கிக்கொண்டார்கள். புது எண் போட்ட புதுத் தகரங்கள் வந்தன.

அந்த வருஷத் தீபாவளிக்கு வழக்கம்போல ஆளுக்கு இரண்டு பனியன் கொடுத்தார்கள். எனக்கு அது இடுப்பில் நிற்கவில்லை. குனிந்தால் முதுகு தெரிந்தது. கையைத் தூக்கினால் வயிறு தெரிந்தது. என் மனைவி பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பனியனுக்கு என்னாச்சு? உங்களுக்குத்தான் தொப்பை போட்டிருச்சுங்க. அது முட்டித் தள்ளுது."

நான் நம்பினேன். மத்தியானம் தயிரை நிறுத்தினேன். மிஷின் ரூமில் மூன்று பேர் தயிரை விட்டதாகச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை கம்பவுண்டரிடம் போய் வயிற்றைக் காட்டி மருந்து கேட்டார். பனியன் செய்கிற ஊரில், பனியன் செய்கிற கம்பெனியில், பனியனோடு பொழுதுக்கும் இருக்கிறவர்கள் நாங்கள். துணி குட்டையாகிவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உடம்பு பெருத்துவிட்டது என்று நினைத்தோம். முதலாளி சொன்னதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சொந்த வயிற்றைச் சந்தேகப்படுகிற ஜாதி நாங்கள்.

ஒரு தானுக்கு, அதாவது ஒரு சுருள் துணிக்கு, எத்தனை பனியன் விழுகிறது என்று மாஸ்டருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் தானும் மாறியிருந்தது. ராத்தலில் வந்த துணி கிலோவில் வந்தது. எல்லா அளவும் ஒன்றாக மாறும்போது எதை வைத்து எதை ஒப்பிடுவது? பூமியை அளந்து பிரெஞ்சுக்காரர்கள் ஓர் அளவு கொடுத்தார்கள். எங்கள் முதலாளி அந்தச் சந்தடியில் இரண்டு விரற்கடை துணியைச் சுருட்டிவிட்டார்.

இரண்டாவது தகரம்

மதுரை மொத்த வியாபாரி ஒருவர் எங்களிடம் கட்டுக் கட்டாக வாங்குகிறவர். முதலில் ஆள் மூலமாகப் புகார் சொல்லி அனுப்பினார். அப்புறம் தானே வருவதாகத் தகவல் வந்தது. வந்தார். கையில் எங்கள் பனியன்.

"என்னய்யா இது? குனிஞ்சா முதுகு தெரியுதுன்னு கடையில வந்து ஏசுறாங்கய்யா. எனக்குச் சின்னப் பிள்ளைக பனியனா அனுப்புறீங்க?"

முதலாளி நிதானமாக அவரைக் கட்டிங் மேஜைக்குக் கூட்டிப்போனார். நாங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தோம். தகரத்தை எடுத்து மேஜையில் வைத்து அதன் மேல் அந்தப் பனியனை விரித்தார். தோளோடு தோள் சரியாக உட்கார்ந்தது. கீழே தகரம் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க. தகரம் இவ்வளவு. பனியன் இவ்வளவு. மிச்சத் துணி எங்கடா ஆறுமுகம்?"

துணி வெள்ளை போட்டுக் காய்ந்த பிறகுதான் மேஜைக்கு வரும். வெட்டின பின் சுருங்கிவிட்டது என்று சொல்ல வழியில்லை. மாஸ்டர் மேஜைக்கு வந்தார். தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதை வெச்சுத்தானுங்க வெட்டினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை வெச்சுத்தானே வெட்டினேன்?" என்று தன்னையே கேட்டார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தகரத்தில் எண்ணெய். மிஷின் எண்ணெய் எனக்குத் தெரியாதா, தினம் அதில் குளிக்கிறவன். கட்டிங் மேஜைப் பக்கம் எண்ணெய் வரவே கூடாது. ஒரு சொட்டுப் பட்டால் வெள்ளைத் துணி அடுக்கே போச்சு. நான் அந்த ரூமுக்குள் போனால் மாஸ்டர் என் கையை விரித்துக் காட்டச் சொல்லித்தான் உள்ளே விடுவார். அப்படிப்பட்டவர் மேஜையில் எண்ணெய் பூசின தகரம் எப்படி வந்தது?

கேட்டேன். எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டேன்.

"பிட்டரே, உங்க வேலை மிஷின் ரூமுல. அங்க போங்க" என்றார் முதலாளி.

"தகரத்துல எண்ணெய் ஏனுங்க வந்துது?"

"உங்க கைதான் ஊரெல்லாம் எண்ணெய். நீங்க தொட்டிருப்பீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மதுரைக்காரரும் சிரித்தார். அதற்கு அடுத்த நாள்தான் அந்தச் சூடம்.

நான் அந்த வாரமே அந்தக் கம்பெனியை விட்டேன். சில மாசம் கழித்து, ஓட்டை விழுந்த தண்ணீர்த் தவலையை அடைக்க மாரப்பனிடம் போனேன். எங்கள் தெருவில் தகர வேலை செய்கிறவர். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே ஈயத்தைக் காய்ச்சிக்கொண்டு சொன்னார்.

"பிட்டரே, அந்தத் தகரம் நான்தான் வெட்டிக் குடுத்தேன். முதலாளி முதல்ல குட்டையா வெட்டச் சொன்னாரு. அப்பறம் மதுரைக்காரர் வர்றாருன்னு தெரிஞ்சதும் பழைய நீளத்துக்கே இன்னொண்ணு வெட்டச் சொன்னாரு. புதுத் தகரம் பளபளங்கக் கூடாதுன்னு மிஷின் எண்ணெயும் புகைக்கரியும் பூசச் சொன்னாரு. பூசினேன்."

"வந்து சொல்லுங்க."

"சொன்னா எனக்கு ஆரு வேலை குடுப்பாங்க? நீங்க கோவக்காரரு, கம்பெனியை உட்டுட்டு இன்னொரு கம்பெனிக்குப் போவீங்க. நான் எங்கீங்க போவேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தனியாகவே முதலாளி வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே சொன்னேன். "மாரப்பன் குடிகாரன், நீ சண்டைக்காரன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மாரப்பன் இப்போது இல்லை. குடித்தார் என்பதும் நிஜம்.

பழனிக்கு நடந்தவள்

மாஸ்டருக்கு வேறு எந்தக் கம்பெனியும் கத்திரி கொடுக்கவில்லை. துணி எடுக்கிற கை என்று பேராகிவிட்டது. வீரபாண்டிப் பக்கம் வெள்ளை போடுகிற பட்டறையில் தொட்டிக்குள் இறங்கித் துணி மிதித்தார். சில வருஷத்தில் வலது கட்டைவிரல் மடங்கி நின்றது. அப்புறம் கையே விறைத்துப்போனது.

இளம் வயதிலிருந்து அந்த இரும்புக் கத்திரியைப் பிடித்தவர்கள் கையைப் போய்ப் பாருங்கள். சத்தியம் செய்யாதவர்கள் கையும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பாதி மாஸ்டர்களுக்குச் சோற்றைப் பிசைய விரல் வளையாது. அத்தனை பேரும் பொய்ச் சத்தியம் செய்தார்களா?

ஆனால் ஊர் என்ன சொன்னது? சூடம் அணைத்த கை, முருகன் எடுத்துக்கொண்டான் என்றது. ஊர் சொன்னதைக்கூட விடலாம். அவர் மனைவி ருக்குமணியே நம்பிவிட்டாள்.

அவளிடம் தகரக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு முதலாளி மேல கோவம். எப்பப் பார்த்தாலும் சண்டை. அதுக்காகச் சொல்றீங்க" என்றாள். என் கோபத்தால் எனக்கு வந்த நஷ்டங்களை நான் எண்ணுவதில்லை. இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. நிஜத்தைச் சொன்னேன். சொன்ன வாய் சண்டைக்கார வாய் என்று தள்ளிவிட்டார்கள்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவள் பழனிக்கு நடந்தாள். எங்கள் பக்கத்தில் நடக்காதவர்கள் யார்? ஆனால் அவள் நடந்தது நேர்த்திக்கடனுக்கு இல்லை. புருஷன் செய்த திருட்டை மன்னித்துவிடு என்று கேட்கப் போனாள். செய்யாத திருட்டுக்கு. தாராபுரம் தாண்டும்போதே கால் கொப்புளம் உடைந்துவிடும், அதோடு மலை ஏறுவாள். மாஸ்டர் வாசலில் நின்று வழியனுப்புவார். நான் எடுக்கவில்லையடி என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. முதலில் சொல்லிப் பார்த்துத்தான் இருப்பார். நம்பாதவளிடம் எத்தனை தடவை சொல்வது?

அவள் போன வருஷம் இறந்தாள். நம்பிக்கொண்டே இறந்தாள்.

வீரபாண்டியில்

பேட்டியைப் படித்த அன்றே வீரபாண்டிக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் நொய்யல் பக்கமிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. மாஸ்டர் வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விறைத்த கையை மடியில் வைத்து இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது. மகள் தெய்வானைதான் பத்திரிகை படித்துக் காட்டுவாள். அவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது.

"வாங்க பிட்டரே. உங்க தொடரு இந்த வாரம் ஏனுங்க சின்னதா வந்துது? தெய்வானை படிச்சா, சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

"வேற எதாவது படிச்சுதுங்களா?"

"நடுவுல ஒரு பக்கத்தை உட்டுட்டா. என்ன கண்ணு, தாண்டீட்டியேன்னு கேட்டேன். விளம்பரம்னா."

நான் தெய்வானையைப் பார்த்தேன். அவள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனாள். மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியுமுங்க. பக்கத்து ஊட்டுக்காரர் வந்து சொல்லீட்டாரு. முதலாளி சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க. என்னத்தைப் புதுசாச் சொல்லீட்டாங்க?"

"நான் எழுதப் போறேன்."

"வேண்டாமுங்க. எழுதி என்னாகுது?" விறைத்த கையை மறுபடி நீவினார். "அவ இருந்திருந்தா எழுதச் சொல்லீருப்பேன். இப்ப ஆருக்கு?"

கிளம்பும்போது தெய்வானை தெரு முனை வரைக்கும் கூட வந்தாள். அப்புறம் நின்றாள்.

"மாமா, அப்பா எடுத்தாங்களா, இல்லீங்களா?"

தகரக் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். எண்ணெய், மாரப்பன், எல்லாம். அழாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றதை நம்பறதுக்கு எனக்கு ஆசைங்க மாமா. ஆனா நீங்க அப்பாவுக்குச் சிநேகிதர். முதலாளிக்கு ஆகாதவர். அம்மாகிட்டயும் நீங்கதானே சொன்னீங்க. நானும் எங்கம்மா மாதிரி பழனிக்கு நடந்துட்டே இருக்கட்டுங்களா? அப்பா எடுக்கலைன்னு முதலாளி வாயில இருந்து வரட்டும் மாமா. அவுங்கதானே எடுத்தாருன்னு சொன்னது?"

அவள் பேசினதில் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் சாட்சி அவளுக்குச் செல்லாது. மாரப்பன் இல்லை. மதுரைக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நடந்தது தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். அவர் சால்வை போர்த்திக்கொண்டு நாணயத்தைப் பற்றிப் பேட்டி கொடுக்கிறார்.

மாஸ்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். மகள் கேட்டாள், அதனால் எழுதுகிறேன்.

முதலாளி, உங்களுக்கும் எனக்கும் வயதாகிவிட்டது. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உங்களை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. இரண்டு விரல் துணியை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அந்தப் பனியன்களெல்லாம் எப்போதோ கிழிந்து அடுப்புத் துடைத்துப் போயிருக்கும். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மதுரைக்காரர் வருவதற்கு முன்னால் மாரப்பனிடம் இன்னொரு தகரம் எதற்கு வெட்டச் சொன்னீர்கள்?

நான் சொல்வது பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள், என் மேல் கேஸ் போடுங்கள், கோர்ட்டுக்கு வருகிறேன். நிஜம் என்றால், ஆறுமுகம் துணி எடுக்கவில்லை என்று எழுதுங்கள். ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டாம், தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். திருடன் என்று சொன்ன அதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில், இந்த முறை அவர் பேரையும் உங்கள் பேரையும் போட்டு, தெய்வானைக்குப் பதில் சொல்லுங்கள்.